மனுவைச் சுமந்த வணிகர்

டில்லியில், நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்கு அருகே, ஜங்புராவை ஒட்டி ஓடும் பாராபுல்லா நாலாவின் கரையிலே, அரை நூற்றாண்டு காலமாகத் தமிழ் பேசிக்கொண்டிருந்த மதராசி கேம்ப் என்னும் குடிசைப் பகுதி, 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதியன்று, நாலாவைத் தூர்வாரி மழைக்கால வெள்ளத்துக்கு வழிவிட வேண்டும் என்ற உயர்நீதிமன்ற உத்தரவின்படி இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. அங்கிருந்த 370 வீடுகளில் 189 வீட்டுக்காரர்கள் மட்டுமே மாற்றுக் குடியிருப்புக்குத் தகுதியுடையவர்கள் என்று முடிவாயிற்று. அந்தத் தகுதி பெற்றவர்களுக்கும் வீடு கிடைத்தது நரேலாவில், அதாவது அவர்கள் பாத்திரம் துலக்கியும் வீடு பெருக்கியும் இட்லி மாவு அரைத்து விற்றும் பிழைத்துவந்த ஜங்புராவிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால்.

இடிப்புக்கு முந்திய மாதங்களில் அங்கே மனு எழுதிக் கொடுக்கப் போனவர்களில் நானும் ஒருவன். எழுபது வயதைத் தொட்ட ஓர் அம்மாள், நம் ஊர்க் கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் மஞ்சள் பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்துத் தரையில் பரப்பினாள்: ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, மின்சார ரசீதுகள், பேரனின் பள்ளிக்கூடச் சான்றிதழ். என்றோ ஒரு மழையில் நாலாவின் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தபோது நனைந்து, ஓரம் பழுத்து, பிறகு பிளாஸ்டிக் உறைக்குள் குடிபுகுந்த காகிதங்கள். 2015-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்கு முன்னாலேயே அங்கே குடியிருந்ததற்கு ஒரு சான்று வேண்டும் என்பது விதி. நாற்பது வருஷமாக அதே இடத்தில் அடுப்பு மூட்டியவள், அதை நிரூபிக்கக்கூடிய தேதி எந்தக் காகிதத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்று என்னைக் கேட்டாள். நான் எழுதி முடித்ததும் அவள் சொன்ன வார்த்தை இதுதான்: “தம்பி, எந்த ஆபீஸு தப்பா எழுதிச்சின்னு சொல்றமோ, அந்த ஆபீஸ்லயே கொண்டுபோய்க் குடுக்கணுமாம். அதைப் படிக்கப் போறது அவங்கதானே?”

எழுத்தறியாத அந்த அம்மாள் கேட்ட கேள்வியைத்தான், நூற்றெழுபது வருஷங்களுக்கு முன்னே, சென்னை ராஜதானியின் ஏழைக் குடியானவனுக்காக ஒரு வியாபாரி கேட்டார். தமது கல்லாப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். சென்ற வாரம் பச்சையப்ப முதலியாரின் தர்மத்தைப் பற்றிப் பார்த்தோம். இந்த வாரம் நாம் பார்க்கப்போவது அந்த வியாபாரியை: காஜுலு லட்சுமிநரசு செட்டியார்.

காஜுலு என்றால் தெலுங்கில் வளையல்கள். தெலுங்கு பேசும் வணிகக் குடும்பத்தில், 1806-ஆம் ஆண்டில், சென்னப்பட்டணத்தில் அவர் பிறந்தார். தகப்பனார் சித்துலு செட்டியார் அவுரியிலிருந்து எடுக்கும் நீலச்சாயத்தில் வியாபாரம் செய்து பொருள் சேர்த்தவர். மகன் பெரிய படிப்பு ஒன்றும் படித்தவரல்லர்; பள்ளிக்கூடத்தை விட்டதும் கடைக்கு வந்து, சாயத்திலும் துணியிலும் தகப்பனார் வைத்துப்போன முதலைப் பலமடங்காகப் பெருக்கினார். அவருடைய வியாபாரத்தைப் பற்றி இதற்குமேல் நான் விரித்துரைக்கப் போவதில்லை. சம்பாதித்தவர்கள் அந்தப் பட்டணத்தில் அநேகர் இருந்தார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் நகரங்களில், சிறு கடை வைத்து முன்னுக்கு வந்த ஒருவர் தம் ஊர் ஜனங்களின் வாக்கைப் பெற்று நகரசபை அங்கத்தினராகவும், பிறகு மேயராகவும், மாகாண சட்டசபை உறுப்பினராகவும் உயர்ந்த சரித்திரங்கள் ஏராளம். லட்சுமிநரசு செட்டியாருக்கு அந்தப் பாதை அடைபட்டிருந்தது. சென்னையில் தேர்தல் கிடையாது, வாக்கும் கிடையாது, ராஜ்யம் நடத்திக்கொண்டிருந்ததோ, லண்டன் மாநகரில் பங்குதாரர்களின் கூட்டம் கூட்டி லாபம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு கம்பெனி. ஊர்க் காரியத்தில் தலையிட ஆசைப்பட்ட ஓர் இந்திய வணிகருக்கு எஞ்சியிருந்த ஆயுதங்கள் இரண்டே: ஒன்று பத்திரிகை, மற்றொன்று விண்ணப்பம். அவர் இரண்டையும் எடுத்தார்.

முதலில் பத்திரிகை. நாராயணசாமி நாயுடு என்பவர் நடத்திவந்த ‘நேட்டிவ் சர்க்குலேட்டர்’ என்னும் தாளை வாங்கி, 1844-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ‘கிரெசென்ட்’ என்ற பெயரால் ஆங்கிலத்தில் அதை வெளியிடத் தொடங்கினார். சென்னை ராஜதானியில் இந்தியர் ஒருவரின் உடைமையாக இருந்து அரசியல் பேசிய முதல் பத்திரிகை என்று சரித்திரக்காரர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். ஆசிரியராக அவர் அமர்த்தியது எட்வர்ட் ஹார்லி என்னும் ஆங்கிலேயரை, அதுவும் முன்னாள் ராணுவ அதிகாரியை. கம்பெனியாரின் காதில் விழ வேண்டுமானால் கம்பெனியாரின் பாஷையில், அவர்களுக்குப் பழகிய தோரணையில் பேச வேண்டும் என்று அவர் கணக்கிட்டிருக்க வேண்டும். பத்திரிகை வெளிவரப்போவதை அறிவிக்கும் விளம்பரத்தைக்கூடச் சர்க்கார் கெஜட்டில் போட மறுத்துவிட்டார்கள் என்பதிலிருந்து, அந்தக் குரல் பிறக்கும் முன்னரே கோட்டைக்குள் எத்தகைய வரவேற்பைப் பெற்றது என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

‘கிரெசென்ட்’டின் ஆரம்பகாலப் போராட்டம் மத சம்பந்தமானது. அப்போதைய கவர்னர் ட்வீட்டேல் பிரபு, சர்க்கார் பள்ளிக்கூடங்களில் பைபிளைப் பாடமாக வைக்க யோசனை செய்தார். 1846-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் செட்டியாரும் அவரைச் சேர்ந்தவர்களும் பெருங்கூட்டம் கூட்டி, கம்பெனியின் டைரக்டர்களுக்கு ஆட்சேபணை மனு அனுப்பினார்கள். டைரக்டர்களும் கவர்னரின் யோசனையை ஏற்கவில்லை. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் ஒரு மதத்தின் வேதத்தைப் புகுத்தலாகாது என்ற அந்த வாதம் நியாயமானது. இன்று படித்தாலும் நியாயமானதே. ஆனால், மதம் மாறியவனும் சாதியை இழந்தவனும் பிதுரார்ஜித சொத்தில் தன் பாகத்தை இழக்கலாகாது என்று 1850-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தையும் அதே கூட்டத்தார் வன்மையாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. தன் மனச்சாட்சிப்படி நடந்த ஒருவனை வீட்டைவிட்டு வெறுங்கையுடன் அனுப்பும் வழக்கத்தைக் காப்பதற்காகச் செலவழிந்த மையும் காகிதமும் வீண் என்றே நினைக்கிறேன். செட்டியார் மகாத்மா அல்லர். தம் காலத்துச் செல்வந்தர்களின் அச்சங்கள் அவருக்கும் இருந்தன. அவற்றைத் தாண்டி அவர் எழுந்த இடம் ஒன்று உண்டு, இனி அதற்கு வருவோம்.

கல்கத்தாவில் 1851-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் இந்தியன் சங்கம் தோன்றியது. அதன் கிளையாகச் சென்னையில் 1852-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் தேதி தொடங்கிய சங்கம், சீக்கிரத்திலேயே தனித்து நின்று ‘மதராஸ் நேட்டிவ் அசோசியேஷன்’ ஆயிற்று. பிரிவுக்குக் காரணம் வெறும் பதவிப்போட்டி என்று எண்ணிவிடக் கூடாது. கல்கத்தா சங்கத்தை நடத்தியவர்களில் பெரும்பாலோர் ஜமீன்தார்கள். நிலையான வரியை ஒருமுறை நிர்ணயித்துக்கொண்டு நிம்மதியாயிருந்தவர்கள். சென்னை ராஜதானியின் பெரும் பகுதியிலோ தாமஸ் மன்றோ வகுத்த ரயத்வாரி முறை நடந்தது. சர்க்காருக்கும் குடியானவனுக்கும் இடையே ஜமீன்தார் இல்லை. ஆகவே சர்க்காரின் கை நேராகக் குடியானவனின் கழுத்தின்மேல் இருந்தது. வருஷந்தோறும் ஜமாபந்தி, மழை பொய்த்தாலும் கிஸ்தி, தறி போட்டவனுக்கும் தச்சுவேலை செய்தவனுக்கும் மோதர்பா வரி, உப்புக்கு ஏகபோகம். இவற்றையெல்லாம் தொகுத்து, கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்படும் தருணம் பார்த்து, 1852-ஆம் ஆண்டின் இறுதியில் சங்கம் ஒரு நீண்ட விண்ணப்பத்தை பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு அனுப்பியது. அந்த விண்ணப்பத்தில், வரி வசூலிப்பதற்காகக் குடியானவர்கள் சித்திரவதை செய்யப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் இருந்தது.

இந்த இடத்தில் நிர்வாகத்தின் அமைப்பைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். விளங்காவிட்டால் அந்த விண்ணப்பத்தின் அருமை தெரியாது. 1816-ஆம் ஆண்டு சட்டங்களின்படி, தாலுகாவில் வரி வசூல் செய்யும் தாசில்தாரே போலீசுக்கும் தலைவர். ஜில்லாவில் வரிக்குப் பொறுப்பான கலெக்டரே மாஜிஸ்திரேட்டும் ஆவார். கிஸ்தி கட்டாத குடியானவனைத் தாசில்தாரின் சேவகர்கள் அடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவன் போலீசில் புகார் செய்ய வேண்டுமானால் தாசில்தாரிடம் செய்ய வேண்டும். தாசில்தாரின்மேல் புகார் செய்ய வேண்டுமானால், உழவை விட்டு, மாட்டை விட்டு, கைச்செலவுக்குக் கடன் வாங்கிக்கொண்டு, பல நாள் நடந்து கலெக்டர் கச்சேரிக்குப் போக வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தாலும், வசூல் குறையாமல் பார்த்துக்கொள்ளும் அதே கலெக்டர், தம் வசூலை நடத்தித்தரும் அதே தாசில்தாரிடம் விசாரணைக்கு அனுப்பலாம். நாலாக் கரையில் அந்த அம்மாள் கேட்டது எனக்குச் சுருக்கென்று தைத்ததற்குக் காரணம் இதுதான்.

அந்த வட்டத்தை உடைக்க ஒரே வழி, கச்சேரியையும் கோட்டையையும் தாண்டி, கம்பெனியையும் தாண்டி, கம்பெனியைக் கேள்வி கேட்கக்கூடிய இடத்துக்கு மனுவைக் கொண்டுபோவதுதான் என்பதைச் செட்டியார் கண்டுகொண்டார். அதற்குப் பணம் வேண்டும். லண்டனில் மனிதர்கள் வேண்டும். 1853-ஆம் ஆண்டில் அங்கே இந்திய சீர்திருத்தச் சங்கம் என்று ஒன்று உருவாகியிருந்தது. அதன் தலைவரான டான்பி சீமோர் என்னும் பார்லிமெண்ட் உறுப்பினர், அவ்வாண்டு அக்டோபரில் சென்னைக்கு வந்தார். வந்தவரை விருந்து வைத்து, மாலை போட்டு, கப்பலேற்றி அனுப்பிவிடுவது பட்டணத்துப் பிரமுகர்களுக்குச் சுலபம். செட்டியாரோ அவரை வண்டியேற்றி, கடலூர், சேலம், திருச்சி, திருநெல்வேலி என்று உட்பிரதேசங்களுக்கு அழைத்துப்போனார். ரயில் இல்லாத காலம். சாலை என்று பெயர் சொல்லத்தக்க சாலையும் அரிதான காலம். கணக்குப்புத்தகத்தின்மேல் குனிந்து பழகிய நாற்பத்தேழு வயது வணிகர், தம் சொந்தச் சரக்கைப் பார்க்க அல்ல, பிறர் உடம்பில் இருந்த தழும்புகளை ஒருவருக்குக் காட்டுவதற்காக, அந்தப் பாதைகளில் நாட்கணக்காகக் குலுங்கிக்கொண்டு போனார் என்பதை எண்ணும்போதெல்லாம் அவர்மீது எனக்கு உண்டாகும் மதிப்பை அளவிட்டுச் சொல்ல இயலாது.

1854-ஆம் ஆண்டு ஜூலை மாதம், காமன்ஸ் சபையில் சென்னை ராஜதானியின் நிலவரி பற்றிய விவாதம் எழுந்தபோது, சீமோர் எழுந்து தாம் அறிந்துவந்ததைச் சொன்னார். கம்பெனித் தரப்பினர் மறுத்தார்கள். அப்படி ஒன்று தங்கள் செவிக்கு எட்டவே இல்லை என்றார்கள். ஆனால் வாய்விட்டுச் சொல்லப்பட்ட குற்றச்சாட்டைப் பெட்டிக்குள் திரும்ப வைக்க முடியவில்லை. அதே ஆண்டில் சென்னையில் விசாரணைக் கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டது. அங்கத்தினர் மூவர்: சென்னையின் தலைமை மாஜிஸ்திரேட்டும் போலீஸ் தலைவருமான எட்வர்ட் எலியட் (பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் பெயர் கொடுத்தவர் இவர்தான்), ஸ்டோக்ஸ் என்னும் சிவில் உத்தியோகஸ்தர், ஜான் புரூஸ் நார்ட்டன் என்னும் பாரிஸ்டர். ‘டார்ச்சர் கமிஷன்’ என்று சரித்திரத்தில் பெயர் பெற்றது அதுவே.

புகார் உள்ளவர்கள் வரலாம், எழுதலாம் என்று ஜில்லாக்களில் அறிவித்தார்கள். கொடுக்கப்பட்ட அவகாசம் மிகவும் குறைவு. அதற்குள் 519 பேர் நேரில் வந்து நின்றார்கள்; 1,440 பேர் எழுத்து மூலம் முறையிட்டார்கள்; ஆக 1,959 புகார்கள். எழுதத் தெரிந்தவர் அரிதாயிருந்த அந்நாளில் 1,440 கடிதங்கள் வந்திருக்கின்றன என்றால், எத்தனை திண்ணைகளில் எத்தனை பேர் சொல்லச் சொல்ல எத்தனை பேர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்! அந்த எழுத்தர்களின் பெயரை எந்தச் சரித்திரமும் குறித்துவைக்கவில்லை.

1855-ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியான அந்த அறிக்கை, ஆங்கிலத்தில் எழுதப்பட்டதே ஆயினும், இரண்டு தமிழ்ச் சொற்களை உலகத்துக்கு அறிமுகம் செய்துவைத்தது. ஒன்று கிட்டி, மற்றொன்று அண்ணந்தாள். கிட்டி என்பது எலுமிச்சம்பழம் பிழியும் கருவியைப்போல இணைத்த இரண்டு கட்டைகள். இடையே கைவிரல்களை வைத்து, வலி தாங்காமல் மூர்ச்சை போகும்வரை நெருக்குவார்கள். அண்ணந்தாள் என்பது தலையைப் பலவந்தமாகக் குனியவைத்து, கழுத்தைச் சுற்றிய கயிற்றைக் கால்விரல்களோடு பிணைத்து, அந்தக் கோலத்திலேயே வெயிலில் விட்டுவிடுவது; சில சமயம் வளைந்த முதுகின்மேல் கல்லொன்றையும் ஏற்றிவைப்பது. இவை தவிர, சாப்பிடப் போகவிடாமல் தடுப்பது, மாட்டை மேய்ச்சலுக்கு விடாமல் வீட்டுக்குள்ளேயே பூட்டிவைப்பது, முழங்காலின் பின்னே செங்கல் துண்டை இடுக்கி உட்காரவைப்பது, பாக்கிதாரர் இருவரின் குடுமிகளை ஒன்றோடொன்று முடிந்துவிடுவது, எருமை வாலில் குடுமியைக் கட்டுவது என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. சில ரூபாய்க் கிஸ்திக்கு இவ்வளவு! கொலைக்கோ கொள்ளைக்கோ அன்று. விளைந்தும் விளையாமலும் போன ஒரு துண்டு நிலத்துக்கு.

சித்திரவதை நடக்கிறது என்பதை ஒப்புக்கொண்ட கமிஷனர்கள், அதைவிடத் தங்கள் உள்ளத்தை வருத்தியது துன்புற்றவன் பரிகாரம் தேடுவதிலுள்ள கஷ்டமே என்றும் எழுதினார்கள். கலெக்டர் கச்சேரி எவ்வளவு தூரம், போக்குவரத்துச் செலவு எவ்வளவு, இழக்கும் வேலைநாட்கள் எத்தனை என்பவற்றை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஆயினும் வெள்ளைக்கார அதிகாரிகள் இதற்கு உடந்தையல்லர், குற்றம் முழுவதும் கீழ்ப்பட்ட சுதேச உத்தியோகஸ்தர்களுடையது என்று முடிவு கட்டினார்கள். வசூல் குறைந்தால் தாசில்தாரைக் கண்டிக்கும் கலெக்டருக்கு, வசூல் எவ்வாறு நிறைந்தது என்பது தெரியாமல் போயிற்று என்று நம்ப என் மனம் இடம் கொடுக்கவில்லை. அந்நாளிலேயே அதை நம்பாத ஒருவர் இருந்தார். லண்டனில் வறுமையோடு குடியிருந்து, அமெரிக்காவின் நியூயார்க் டெய்லி ட்ரிப்யூன் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிப் பிழைத்துவந்த கார்ல் மார்க்ஸ்தான் அவர். வட இந்தியாவில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்திருந்த 1857-ஆம் ஆண்டு செப்டம்பரில், சிப்பாய்களின் கொடுமையைப் பற்றி மட்டுமே இங்கிலாந்து பேசிக்கொண்டிருந்த வேளையில், இந்தச் சென்னை அறிக்கையை எடுத்துவைத்து, ஆங்கில ஆட்சியின் சாதாரண நாட்களில் நடந்தது என்ன என்று அவர் அமெரிக்க வாசகர்களுக்குக் காட்டினார். காவிரிக் கரையிலும் தாமிரபரணிக் கரையிலும் குனிந்து நின்றவர்களின் முறையீடு, ஒரு செட்டியாரின் வண்டியேறி, ஒரு பார்லிமெண்ட் உறுப்பினரின் வாயேறி, நியூயார்க் நகரத்தின் காலைப் பத்திரிகை வரை போய்ச் சேர்ந்த வரலாறு இது.

பலன் என்ன என்று கேட்கலாம். வரி வசூலையும் போலீசையும் ஒரே கையில் வைத்தல் தகாது என்ற எண்ணம் வலுப்பெற்று, 1859-ஆம் ஆண்டில் சென்னை ஜில்லாப் போலீஸ் சட்டம் பிறந்தது. தாசில்தாரின் கையிலிருந்து போலீஸ் அதிகாரம் பிரிந்து தனி இலாகாவாயிற்று. இந்தியா முழுமைக்குமாக 1861-ஆம் ஆண்டில் வந்த போலீஸ் சட்டத்துக்கும் முன்மாதிரி அதுவே. அந்தப் புதிய போலீசும் பின்னாளில் எப்படி நடந்துகொண்டது என்பது வேறு கதை. கிஸ்தி கேட்டவனிடமே முறையிட வேண்டும் என்ற நிலை, சட்டத்தளவிலாவது, மாறியது.

செட்டியார் அத்தோடு நிற்கவில்லை. கம்பெனியின் ஆட்சியையே நீக்கி, ராஜ்யபாரத்தை மகாராணியார் நேரில் ஏற்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கானோரின் கையெழுத்தோடு மற்றுமொரு விண்ணப்பம் சங்கத்தின் பெயரால் லண்டனுக்குப் போயிற்று. 1858-ஆம் ஆண்டில் கம்பெனி ஆட்சி முடிந்தது. அதை முடித்தது சென்னை மனுவன்று, மீரட்டிலும் டில்லியிலும் கான்பூரிலும் சிந்திய ரத்தம் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைச் சட்டசபையில் இடம்பெற்ற முதல் இந்தியர் வி. சடகோபாச்சார்லு. அவருக்குப் பிறகு, 1863-ஆம் ஆண்டில், அந்த ஸ்தானத்துக்கு லட்சுமிநரசு செட்டியாரைச் சர்க்காரே நியமித்தது. எவருடைய பத்திரிகை விளம்பரத்தை வாங்க மறுத்தார்களோ, அவருக்கே கோட்டைக்குள் நாற்காலி போட்டார்கள். நாற்காலியில் அமர்ந்து அவர் சாதித்தது அதிகமில்லை. அவருடைய காலம் வண்டிப் பாதைகளில் கழிந்துவிட்டிருந்தது. செல்வமும் பத்திரிகையிலும் சங்கத்திலும் கரைந்துவிட்டது. 1868-ஆம் ஆண்டில் அவர் காலமானபோது, சித்துலு செட்டியாரின் மகன் என்று பட்டணம் அறிந்திருந்த பழைய செழிப்பு அவர் வீட்டில் இல்லை.

மதராசி கேம்பில் அன்று நான் எழுதிய மனுவுக்கு இரண்டு பிரதிகள் எடுத்தேன். ஒன்றில் முத்திரை குத்தி வாங்கி வைத்துக்கொள்ளும்படி அந்த அம்மாளிடம் சொன்னேன். அவள் மூன்றாவதாக ஒன்றும் கேட்டாள். “ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு வேற பெரியவங்க யாராச்சும் கேட்டா காட்டுறதுக்கு” என்றாள். மூன்றாவது பிரதியையும் எழுதிக் கொடுத்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் நுழைத்து, மஞ்சள் பையின் அடியில் வைத்துக்கொண்டாள். அந்த மூன்றாவது பிரதியை வாங்கிக்கொண்டு போக லட்சுமிநரசு செட்டியாரைப்போல் ஒருவர் வருவார் என்று அவள் இன்னும் காத்திருக்கிறாளோ என்னவோ.

செட்டியார் மறைந்ததும் சங்கமும் உயிரற்றுப் போயிற்று; அவருடைய பணத்திலும் பிடிவாதத்திலும் நடந்த வண்டி, இழுப்பவர் இல்லாமல் நின்றுவிட்டது. பதினாறு வருஷங்கள் கழித்து, 1884-ஆம் ஆண்டில், அந்த வண்டியை மீண்டும் கிளப்பியவர்கள் வீரராகவாச்சாரியார், ஜி. சுப்பிரமணிய அய்யர், பி. ஆனந்தாச்சார்லு ஆகியோர், புதிய சங்கத்தின் பெயர் மதராஸ் மகாஜன சபை. அடுத்த வாரம் அவர்களைச் சந்திப்போம்.

(தொடரும்)